பெல்ட்டின் மேல் குற்றமில்லை

அந்த உதிரிபாகக் கடையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லாரி ஓட்டுகிற அறுபது வயதுக்காரரும் அக்கா என்றார், அவளைவிடப் பதினொரு வயது மூத்த முதலாளியும் அக்கா என்றார். இருபத்தாறு வயதில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது நாற்பத்தெட்டு. பட்டத்துக்கு வயது ஈடுகொடுத்துவிட்டது.

கடை நீளமானது, அகலம் குறைவு. முன்னால் தகரம் பதித்த கவுண்டர், பின்னால் கூரைவரைக்கும் அலமாரிகள், நடுவில் சக்கரம் வைத்த ஏணி. பில்டர், பேரிங், பிரேக் கட்டை, கேஸ்கெட் என்று எது எந்தத் தட்டில் எத்தனையாவது பெட்டி என்பது அவளுக்கு மனப்பாடம். இது கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. புதுச் சாமான் வாங்க வருகிறவர்கள் அளவு காட்டுவதற்காகப் பழசைக் கொண்டுவந்து கவுண்டர்மேல் வைப்பார்கள். போகும்போது மறந்துவிட்டுப் போவார்கள். கூட்டம் ஓய்ந்த மதிய நேரத்தில் அவள் அதைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு பேரிங் தண்ணீர் புகுந்து போனதா, எண்ணெய் வற்றிப் போனதா, கண்டபடி அடித்து ஏற்றியதால் போனதா என்று அவளால் சொல்ல முடியும். இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்தாயிற்று. மற்றபடி ஸ்பானர் பிடித்து ஒரு நட்டைத் திருகியவள் இல்லை. கார் ஓட்டத் தெரியாது. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவள்.

குடியிருந்தது தங்கை வீட்டு மாடி அறையில். கீழே தங்கையும் தங்கை கணவரும். அவர் மெக்கானிக், இரண்டு தெரு தள்ளி சொந்தமாக ஒரு ஷெட் வைத்திருந்தார். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே அக்காதான். வேண்டாத சாமானைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்போது, துடைத்து, அதே பெட்டியில் அதே மடிப்போடு வைத்துக் கொடுக்கிற ஒரே ஆள் இவர்தான் என்பதை இரண்டு வருடம் கவனித்துவிட்டுத்தான் தங்கையிடம் பேச்சை எடுத்தாள். அவள் கணக்கு தப்பவில்லை. நல்ல மனிதர், சுத்தமான கை. ஒரே ஒரு குறை: அந்தக் கையில் தப்பு நடந்திருக்கும் என்பது மட்டும் அவருக்குக் கடைசியில்தான் தோன்றும்.

அவருடைய வாடிக்கைக்காரர்களில் ஒருவர் பல் டாக்டர். அவரிடம் சிவப்பு நிறத்தில் இரண்டு பேர் மட்டும் உட்காருகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் வண்டி. வாரத்துக்கு ஒருநாள் எடுப்பார், திரும்பி வரும்போது முகத்தில் பத்து வயது குறைந்திருக்கும். அந்த வண்டிக்குத்தான் நாலு மாதமாக உடம்பு சரியில்லை. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது, பழையபடி இழுப்பு இல்லை, விசிறியைச் சுழற்றுகிற பெல்ட் மாதம் ஒன்று பிய்ந்துபோகிறது என்றார் டாக்டர். மெக்கானிக்கும் சும்மா இருக்கவில்லை. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். இன்ஜின் உட்காருகிற ரப்பர்களை மாற்றினார். இன்ஜினுக்குள் எந்தக் கணத்தில் பொறி விழ வேண்டும் என்கிற டைமிங்கை, அடையாளம் பார்த்து மூன்று தடவை சரிசெய்தார். ஒவ்வொரு தடவையும் வண்டி முன்னைவிட மோசமாக ஓடியது. பெல்ட்டோ மூன்று போய்விட்டது.

மூன்றாவது பெல்ட்டைக் கொண்டுவந்து அவர் கவுண்டரில் போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. கடையில் நல்ல கூட்டம். முதலாளி கல்லாவில் இருந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பெல்ட்டுல சரக்கு இல்ல. எவனோ மட்டமான ரப்பரைத் தலையில கட்டிட்டான்" என்றார் மெக்கானிக்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர், தான் வாங்கிய பெல்ட்டைப் பையிலிருந்து எடுத்து ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கம்பெனி பெல்ட்டை ரெண்டு வருடத்துக்கு முன்னால் கடைக்குள் கொண்டுவந்ததே அக்காதான். நாலு கம்பெனி சரக்கை வாங்கி வளைத்துப் பார்த்து, வெயிலில் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. முதலாளி அதைக் கல்லாவிலிருந்தே பார்த்தார். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது, இனிமேல் ஆர்டர் போடுவதற்கு முன்னால் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினாள்.

மூன்று பழைய பெல்ட்டுகளையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மறுநாள் காலையில், வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், மாடி அறை ஜன்னலோரம் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். மட்டமான ரப்பர் என்றால் அடிப்பக்கம் வெடித்திருக்க வேண்டும், மடக்கினால் பொரிந்து கொட்ட வேண்டும். இது மடங்கி நிமிர்ந்தது, புதுசு மாதிரி. ஓரங்கள்தான் பிய்ந்து நூல் தொங்கியது. அதுவும் ஒரு ஓரம் இல்லை, இரண்டு ஓரமும். இந்த இடத்தில் அவள் நிதானித்தாள். பெல்ட் ஓடுகிற சக்கரங்கள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்றால் ஒரு பக்க ஓரம் மட்டும்தான் தேயும். இரண்டு பக்கமும் ஒரேபோலத் தின்றிருந்தால், ஏதோ ஒரு சக்கரம் உள்ளேயும் வெளியேயும் ஆடுகிறது, பெல்ட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அறைகிறது என்று அர்த்தம். மூன்று பெல்ட்டும் ஒரே கதையைத்தான் சொல்லின.

தங்கையிடம் சொன்னாள். தங்கை பெல்ட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. ஆனா நேரா போய்ச் சொல்லிடாதே. ஒரு வாரத்துக்கு வீட்டுல யாரும் நிம்மதியாச் சாப்பிட முடியாது" என்றாள்.

அதற்கு ஒரு வழியையும் தங்கையே கண்டுபிடித்தாள். சனிக்கிழமை கடை அரை நாள். அன்றைக்கு மெக்கானிக்கின் மதியச் சாப்பாட்டை அக்கா கையில் கொடுத்தனுப்புவது. மற்றதை அக்கா பார்த்துக்கொள்ள வேண்டியது.

ஷெட்டில் சிவப்புக் கார் முன்பக்கம் ஸ்டாண்டில் ஏறி நின்றது. பிரேக் பார்ப்பதற்காக முன்சக்கரம் இரண்டையும் கழற்றியிருந்தார் மெக்கானிக். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பானெட்டுக்குள் தலையை விட்டு, மேலிருந்து குனிந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் வேறு நின்றபடியே வந்திருந்தாள். கேரியரை வைத்துவிட்டு, மூலையில் கிடந்த குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சக்கரம் கழற்றிய இடைவெளி அவள் கண்ணுக்கு நேராக வந்தது. அதற்குள்ளே, இன்ஜினின் அடிமுனையில், ஒரு கனத்த இரும்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல்தான் பெல்ட் ஓடியது. சக்கரம் சுற்றும்போது அதன் விளிம்பு அலை மாதிரி வந்து வந்து போயிற்று. மேலேயிருந்து பார்க்கிறவருக்கு ரேடியேட்டரும் விசிறியும் மறைக்கும். பக்கவாட்டில், தாழ உட்கார்ந்தால்தான் தெரியும்.

அது பேலன்சர். இன்ஜினுக்குள் நெருப்பு வெடிக்கும் ஒவ்வொரு தடவையும் நடுத்தண்டு முறுக்கிக்கொண்டு நடுங்கும். அந்த நடுக்கத்தை வாங்கி விழுங்குவதற்காகத் தண்டின் முனையில் மாட்டியிருக்கிற சக்கரம். நடுவில் இரும்புக் குடம், வெளியே இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ரப்பர் பிடி விட்டால் வளையம் தன்னிஷ்டத்துக்கு ஆடும். இதெல்லாம் அவள் பெட்டிக்குள் வருகிற துண்டுக் காகிதங்களில் படித்தது. ஓடுகிற நிலையில் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

மெக்கானிக் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தார். அவர் கேரியரைத் திறந்து இரண்டு வாய் சாப்பிடும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, தன் சமாதானத்துக்காக ஒரு காரியம் செய்ய முடியுமா என்று கேட்டாள். அந்தச் சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்புவரைக்கும் வெள்ளைப் பெயின்ட்டால் நேராக ஒரு கோடு. குடத்தின் மேலும், ரப்பரின் மேலும், வளையத்தின் மேலும் ஒரே கோடாகப் போக வேண்டும். அப்புறம் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து கோட்டைப் பார்க்க வேண்டும்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "புள்ளி வெச்சுக் கோடு போட்டா வண்டி ஓடிடுமாக்கா?"

"ஓடாது மாப்பிள்ளை. கோடு கோடாவே இருந்துச்சுன்னா, திங்கக்கிழமையே பெல்ட் கம்பெனிய மாத்தச் சொல்லிடறேன்."

இதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. சாப்பிட்டு முடித்துக் கோடு போட்டார். சக்கரங்களை மாட்டி வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். மறுபடி தூக்கி நிறுத்தி, முன்சக்கரத்தைக் கழற்றி, ஒரு டார்ச்சோடு தரையில் உட்கார்ந்தார். கோடு உடைந்திருந்தது. குடத்தில் இருந்த பாதி அங்கேயே இருக்க, வளையத்தில் இருந்த பாதி ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது.

அவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. டைமிங் பார்க்கிற அடையாளமும் அந்த வளையத்தின் மேல்தான் வெட்டியிருக்கிறது. வளையம் நழுவினால் அடையாளமும் கூடவே நழுவும். மூன்று தடவை அவர் சரிசெய்ததெல்லாம் நகர்ந்துபோன அடையாளத்தை நம்பிச் செய்தது. சரியாக இருந்ததைத் தன் கையாலேயே கெடுத்திருக்கிறார். இதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அவரே ஒன்றொன்றாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

கடைசியில் அவர் சொன்னது வேறு. தண்டே வளைந்திருந்தாலும் சக்கரம் ஆடும், அப்படியானால் இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும், டாக்டரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்றார். குரல் இறங்கியிருந்தது.

"இன்னொரு தடவை ஓட விடுங்க. விளிம்பைப் பாக்காதீங்க, நடுவுல இருக்கிற போல்ட்டைப் பாருங்க" என்றாள் அக்கா.

ஸ்டூலை அவருக்குத் தள்ளிக்கொடுத்தாள். அவர் உட்கார்ந்து பார்த்தார். விளிம்பு அலையடித்தது. நடுவில் போல்ட், அடித்து வைத்தாற்போல ஒரே இடத்தில் நின்று சுழன்றது. தண்டு நேராகத்தான் இருக்கிறது. மெக்கானிக் மூச்சை விட்டுவிட்டு, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

அன்றைக்கே கழற்ற ஆரம்பித்துவிட்டார். அவசரம், பதற்றமும்கூட. ரேடியேட்டரை இறக்கி, நடு போல்ட்டை எடுத்துவிட்டு, இழுத்துக் கழற்றுவதற்கான மூன்று கால் புல்லரை வளையத்தின் விளிம்பில் கொக்கி போட்டு முறுக்கினார். குடத்தில் இருக்கிற துளைகளில் போல்ட் மாட்டித்தான் இழுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. நாலாவது முறுக்கில் 'பொத்' என்று ஒரு சத்தம். புல்லரும் வளையமும் அவர் மடியில் வந்து விழுந்தன. குடம் தண்டின் மேல் அப்படியே இருந்தது, அதைச் சுற்றிக் கறுப்பாக, கசகசவென்று பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது.

காலி கேரியரை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். தெருமுனை திரும்பிய பிறகுதான், வீட்டுக்கு இரண்டே தெரு, பஸ் எதற்கு என்று அவளுக்கே உறைத்தது.

புதுப் பேலன்சர் கடையில் இல்லை. திங்கட்கிழமை நாலு இடத்துக்குப் போன் போட்டாள். அந்த மாடலில் இரண்டு வகை உண்டு, அடையாளம் வெட்டியிருக்கிற இடம் இரண்டிலும் வேறு. இன்ஜின் நம்பரை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, சரியானதை வரவழைத்தாள். வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் வீட்டில் ஒரு மாதிரி அமைதி. மெக்கானிக் அவளோடு பேசாமல் இல்லை. தண்ணீர் வேண்டுமா, மின்விசிறி போடவா என்று வழக்கத்தைவிட அதிகமாகவே விசாரித்தார். கார் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதற்குச் சண்டையே போட்டிருக்கலாம் என்றாள்.

பார்சல் வந்த அன்று அவரே மாடிப்படியின் கீழே நின்று குரல் கொடுத்தார். வருகிற ஞாயிறு போல்ட்டை இறுக்கும்போது வண்டிக்குள் ஒரு ஆள் உட்கார வேண்டும், வர முடியுமா என்று கேட்டார்.

அவள் போனபோது எல்லாம் ஒழுங்காகப் பரப்பி வைத்திருந்தார். பழைய குடம் இழுத்தெடுத்துத் துடைத்து ஒரு துணிமேல் இருந்தது. தண்டின் முனையில் முள் வைத்த அளவுமானி மாட்டிச் சுற்றிப் பார்த்திருந்தார். முள் அசையவே இல்லை என்று தானாகவே சொன்னார். எண்ணெய் கசியாமல் தடுக்கிற சீலையும் புதுசாக மாற்றியிருந்தார். பெட்டிக்குள் வந்த துண்டுக் காகிதம் பிரித்து வைத்திருந்தது, அதில் எண்ணெய் விரல் படிந்திருந்தது. எத்தனை தடவை படித்தாரோ.

புதுப் பேலன்சரின் குடத்தைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தார். சூட்டில் துளை ஒரு மயிரிழை விரியும். துணியால் பிடித்துத் தண்டில் நுழைத்து, நீளமான போல்ட்டும் நட்டும் வைத்து மெல்ல மெல்ல உள்ளே இழுத்தார். சுத்தியல் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் தொடவில்லை. ஓங்கி அடித்தால் உள்ளே இருக்கிற பேரிங்குக்குத்தான் வலிக்கும்.

கடைசி போல்ட்டை முழு பலத்தோடு இறுக்க வேண்டும். இறுக்கும்போது தண்டு கூடவே சுற்றக் கூடாது. அதற்காக வண்டியை டாப் கியரில் போட்டு, ஒரு ஆள் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். அக்கா அந்த வண்டிக்குள் ஏறியதை ஏறியது என்று சொல்ல முடியாது, பின்பக்கமாக விழுந்தாள். சீட் கிட்டத்தட்ட தரையில் இருந்தது. கால் இரண்டும் முன்னால் நீண்டு எங்கோ இருட்டுக்குள் போயின. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒரு கணம் சும்மா இருந்தாள். டிரைவர் சீட்டில் உட்காருவது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

"எது பிரேக்குன்னு தெரியுமாக்கா?" என்று முன்னாலிருந்து கேட்டார்.

"நடுவுல இருக்கிறது. அதோட ரப்பரை நான் எத்தனை வித்திருக்கேன்."

இரண்டு காலையும் வைத்து மிதித்தாள். அவர் நீளமான கம்பியில் உடம்பு முழுவதையும் சாய்த்தார். வண்டி முனகியது.

"விட்டுடாதீங்கக்கா."

"விடல, நீங்க இறுக்குங்க."

மூன்று தடவை அப்படி. மூன்றாவதில், இறுக்கம் போதும் என்று காட்டுகிற அளவுக் கம்பி 'டக்' என்றது. முழங்கால் வலி அவளுக்கு அப்போது ஞாபகமே இல்லை. இறங்குவதற்குத்தான் தங்கை கணவர் இரண்டு கையையும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு தெரிந்தது. அவளே முந்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். ரேடியேட்டர் மாட்டி, புது பெல்ட் போட்டாயிற்று. அது அதே கம்பெனி பெல்ட்தான். டைமிங்கைப் புது அடையாளத்தில் வைத்துச் சரிசெய்துவிட்டு மெக்கானிக் சாவியைத் திருப்பினார். டாக்டர் உள்ளே கையை விட்டு, ஸ்டீயரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். நோயாளி வாயில் விரல் வைத்துப் பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நடுக்கம் இல்லை. பிறகு பழைய வளையத்தையும் குடத்தையும் வாங்கிப் பார்த்து, நடந்தது முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப பல்லுதான் ஆடியிருக்கு. நாம நாலு மாசமா பிரஷ்ஷ மாத்திட்டிருந்திருக்கோம்" என்றார்.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு மெக்கானிக் தரையைப் பெருக்க ஆரம்பித்தார். அவர் ஒரு வார்த்தையாவது சொல்வார் என்ற எதிர்பார்ப்பு அக்காவுக்கு இருந்ததா என்றால், இருந்தது. வரவில்லை. தட்டு தட்டாகச் சாமானை அடுக்கிக்கொண்டிருந்த அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். ஆளுக்கு ஒரு குணம், இதற்காக இனி அவரைப் புதிதாகச் செய்ய முடியுமா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை கடையில் கூட்டம். ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு பில்டரை எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே அவர் குரல் கேட்டது. அவளிடம் பேசவில்லை, கல்லாவுக்கு நேராகப் பேசினார்.

"சார், போன மாசம் எல்லார் முன்னாடியும் இங்க நின்னு ஒண்ணு சொன்னேன். அதையும் எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும். பெல்ட்டு மேல குத்தமில்ல. நான்தான் பாக்கத் தவறிட்டேன். அக்கா வந்து பாத்துச் சொன்னாங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். என்ன பழுது என்று கேட்டார். மெக்கானிக் மறைக்காமல், கோடு போட்டது, வளையம் மடியில் விழுந்தது எல்லாவற்றையும் சொன்னார். நின்றிருந்தவர்களில் ஒருவர் அந்தக் கோடு போடுகிற வித்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். முதலாளி மேலே நிமிர்ந்து, பெல்ட் தீரப் போகிறதே, ஆர்டர் போட்டாயிற்றா என்றார். தன்னைக் கேட்கச் சொன்னதை அவர் மறந்துவிட்ட மாதிரி இருந்தது, அல்லது மறந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டார்.

அக்கா இறங்கவில்லை. பில்டர் கைக்கு வந்து வெகு நேரமாகியும், பக்கத்துப் பெட்டிகளை நேராக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். இன்றைக்கே போட்டுவிடுகிறேன் என்று மேலிருந்தே பதில் சொன்னாள். குரல் வழக்கம்போல வந்ததில் அவளுக்கு நிம்மதி.

சாயங்காலம் வீட்டுப் படியேறும்போது தங்கை வாசலிலேயே வழிமறித்து, இன்றைக்குக் கடைக்கு அவர் வந்தாராமே, என்ன சமாச்சாரம் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு பில்டர் வாங்கிட்டுப் போனார்" என்றாள் அக்கா. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, முகம் கழுவப் போனாள்.